திறந்தால் எழும்பும் வாழ்த்து அட்டை: அளவெடுப்பதிலிருந்து தபாலில் போடுவது வரை

எழும்பும் அட்டை செய்யப் புதிதாக உட்காருபவர்களில் பெரும்பாலானோர் முதலில் படத்தை வரைகிறார்கள். மலை அழகாக வந்துவிடும், நிறமும் அடித்தாயிற்று. அப்புறம்தான் அதை எப்படி நிற்க வைப்பது என்ற கேள்வி வருகிறது. எங்கேயோ ஒட்டுவார்கள். அட்டையை மூடினால் மலையின் உச்சி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அல்லது அட்டை மூடவே மூடாது. பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யும்போதெல்லாம் இதைத்தான் பார்க்கிறேன். அதனால் இங்கே படம் கடைசிக்கு முந்திய வேலையாக வருகிறது. கணக்கு, வெட்டு, மடிப்பு, ஒத்திகை, அதற்குப் பிறகே படம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

நாம் செய்யப்போவது மடிகணினி போல மேல்நோக்கித் திறக்கும் ஒரு அட்டை. திறந்ததும் பின்னால் சூரியன், அதற்கு முன் மஸ்கெலியாப் பக்கமிருந்து கூம்பாகத் தெரியும் சிவனொளிபாதமலை, அதற்கும் முன்னே தேயிலை நிரைகள். கீழே வாழ்த்து எழுத இடம். தைப்பொங்கலுக்கும் பொருந்தும், ஒக்டோபர் 6ஆம் திகதி வரும் ஆசிரியர் தினத்துக்கும் பொருந்தும். ஒரு பிற்பகல் வேலை. ஒட்டியது காய ஓர் இரவு வேண்டும்.

1. முதலில் சேர்த்து வைக்க வேண்டியவை

பிரிஸ்டல் போர்ட்டில் ஏ4 அளவு ஒற்றைகள் இரண்டு. ஒன்று உள் தாள், மற்றது மேலட்டை. 160 முதல் 220 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு இத்தனை கிராம்) வரை தடிப்பு போதும். படங்களை நிறுத்துவதற்காக உள் தாளிலேயே வெட்டி முன்னே தள்ளும் மடிப்புகளைத்தான் இங்கே பெட்டி என்கிறேன். ஃபோட்டோக் கொப்பி எடுக்கும் தாளில் பெட்டி நிற்காது, தொய்ந்துவிடும். பிஸ்கட் பெட்டி மட்டை மடிப்பில் வெடித்து உள்ளிருக்கும் சாம்பல் நிறத்தைக் காட்டும். ஆனால் அந்த மட்டையை எறிய வேண்டாம். மடிப்பே இல்லாத மலைக்கும் தேயிலைக்கும் அது நல்ல விறைப்புள்ள பொருள், மேலே நிறத்தாள் ஒட்டிக்கொள்ளலாம்.

இரும்பு அடிமட்டம், கட்டர் அல்லது புதிய பிளேட், கத்தரிக்கோல், கூர்மையான பென்சில், அழிறப்பர், கொம்பாஸ், மை தீர்ந்த போல்பொயின்ட் பேனை ஒன்று. இந்தப் பேனை முக்கியம், மடிப்புக் கோட்டை அழுத்துவதற்கு இதைவிட நல்ல கருவி கடையில் கிடைக்காது. பிளாஸ்டிக் அடிமட்டத்தை வைத்து வெட்டினால் பிளேட் அதைச் சீவிக்கொண்டு போகும், அடுத்த கோடு நேராக வராது. அடியில் வைக்கப் பழைய மட்டை அல்லது பலகைத் துண்டு ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பசைக்குக் குளூ ஸ்டிக், இல்லாவிட்டால் பைண்டர் கம். பெட்டி முகங்களுக்கு இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் இருந்தால் இன்னும் நல்லது. வீட்டில் கோதுமை மாவில் காய்ச்சும் பசையை இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம். அதில் தண்ணீர் அதிகம். மலைநாட்டுக் குளிரில் அது காய்வதற்குள் தாள் அலை அலையாகிவிடும், ஈரம் தங்கினால் பூஞ்சையும் பிடிக்கும்.

சிறிய பிள்ளைகள் செய்வதானால் கட்டர் வேலை மட்டும் பெரியவர் கையில் இருக்கட்டும். கோடு போடுவது, மடிப்பது, ஒட்டுவது எல்லாம் பிள்ளையே செய்யலாம்.

2. தாளின் ஈரமும் ஓட்டமும்

சமவெளியில் இருப்பவர்களுக்கு இந்தப் பகுதி தேவைப்படாமல் போகலாம். மலைநாட்டில் இருக்கும் நமக்கு அவசியம் தேவை. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை மழையும் பனிமூட்டமும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் வருடக் கடைசியிலும் தை மாதத்தை ஒட்டியும் மழை. அந்த நாட்களில் திறந்து கிடக்கும் தாள் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். ஈரத் தாளில் அளந்து வெட்டிய துண்டு, காய்ந்த பிறகு சற்றுச் சுருங்கும். ஒரு மிலிமீற்றர் வித்தியாசமே பெட்டியைக் கோண வைக்கப் போதும்.

ஆகவே போர்ட்டைச் சுருட்டி வைக்காமல், தட்டையாகப் பொலித்தீன் பைக்குள் இரண்டு பழைய பத்திரிகைத் தாள்களுக்கு இடையில் வையுங்கள். வேலை செய்யும் நாளில் வெயில் ஏறிய பிறகு வெளியே எடுங்கள். ஈரம் பிடித்துவிட்டது என்று அடுப்பின் மேல் காட்டாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் சட்டென்று காய்ந்தால் தாள் வில்லாக வளையும், அந்த வளைவை எடுப்பது பெரும்பாடு. பாரமான புத்தகங்களுக்குள் ஓர் இரவு வைப்பதே சரியான வழி.

அடுத்தது ஓட்டம். தாளில் நார்கள் ஒரு திசையிலேயே அதிகமாக ஓடும். அந்தத் திசையோடு மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும், குறுக்கே மடித்தால் வெடிக்கும். கண்டுபிடிப்பது எளிது: போர்ட்டை முறியாமல் நீளவாக்கில் மெல்ல வளைத்துப் பாருங்கள், பிறகு அகலவாக்கில் வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ, அந்த வளைவின் முதுகு ஓடும் திசைதான் நாரோட்டம். பெரிய போர்ட் வாங்கி நீங்களே ஏ4 வெட்டுவதானால், 210 மி.மீ. பக்கம் நாரோட்டத்தோடு போகும்படி வெட்டுங்கள். நம் மடிப்புகள் எல்லாம் அந்தத் திசையில்தான் வரும். கடையில் வெட்டியே கிடைக்கும் ஏ4 பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுவது. அதுதான் கையில் இருக்கிறது என்றால் பயன்படுத்துங்கள், ஆனால் 5ஆம் பகுதியில் சொல்லும் அழுத்துக் கோட்டை இரண்டு முறை போடுங்கள்.

3. பென்சில் எடுக்கும் முன் ஒரு கூட்டல்

ஏ4 தாள் 210க்கு 297 மி.மீ. நடுவில் மடித்தால் ஒவ்வொரு பாதியும் 148.5 மி.மீ. ஆழம். எழும்பும் எதுவும் அட்டை மூடியிருக்கும்போது இந்த 148.5க்குள் படுக்க வேண்டும். இந்த வேலையின் முழுக் கணக்கும் இவ்வளவுதான்.

ஒரு படம் நடு மடிப்பிலிருந்து எவ்வளவு தூரம் முன்னே நிற்கிறதோ, அந்தத் தூரத்தோடு படத்தின் உயரத்தைக் கூட்டுங்கள். மூடும்போது படத்தின் உச்சி போய் நிற்கும் இடம் அந்தக் கூட்டுத்தொகை. அது 143ஐத் தாண்டக்கூடாது, 5 மி.மீ. ஓரத்துக்கு விட்டுவிட வேண்டும்.

நம் மலை 30 மி.மீ. முன்னே நிற்கிறது. ஆகவே அதன் உயரம் 113 வரை போகலாம், நாம் 105 எடுக்கிறோம். தேயிலை நிரை 60 மி.மீ. முன்னே நிற்கிறது. அது 83 வரை போகலாம், நாம் 45 எடுக்கிறோம். முன்னே வருவது தாழ்வாகவும் பின்னே இருப்பது உயரமாகவும் இருக்க வேண்டும் என்பதைக் கணக்கே சொல்லிவிடுகிறது. மலைநாட்டுக் காட்சிக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு வேறில்லை.

உங்கள் விருப்பத்துக்கு வேறு படம் வைப்பதானாலும் முதலில் இந்தக் கூட்டலைச் செய்யுங்கள். கூட்டிப் பார்க்காமல் ஒட்டியதுதான் வெளியே நீட்டும்.

4. உள் தாளில் கோடுகள்

ஒற்றையை 297 மி.மீ. பக்கம் மேலும் கீழுமாக இருக்கும்படி வையுங்கள். நடுவில், 148.5 மி.மீ.யில், இரண்டு ஓரத்திலும் புள்ளி வைத்து மெல்லிய கோடு இழுங்கள். இப்போதே மடித்துவிடக் கை பரபரக்கும். மடிக்காதீர்கள். ஏன் என்பது அடுத்த பகுதியில்.

மூன்று பெட்டிகள் வேண்டும். இடது ஓரத்திலிருந்து அளக்கும்போது, 25 முதல் 55 வரை முதல் முன்பெட்டி, 75 முதல் 135 வரை மலைக்கான நடுப்பெட்டி, 155 முதல் 185 வரை இரண்டாவது முன்பெட்டி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கக் கோடுகள், ஆக ஆறு நிலைக்குத்துக் கோடுகள்.

நடுப்பெட்டியின் இரண்டு கோடுகளும் நடுக்கோட்டுக்கு மேலே 30, கீழே 30 மி.மீ. ஓடட்டும். முன்பெட்டிகளின் நான்கு கோடுகளும் மேலே 25, கீழே 60 மி.மீ. ஓடட்டும். மேலே குறைவு, கீழே அதிகம் என்பதால் இந்தப் பெட்டி தாழ்ந்து நீண்டு நிற்கும். உயரம் 25, முன்னே வருவது 60.

இனி பெட்டிகளின் மடிப்புகள். ஒவ்வொரு பெட்டியின் மேல் முனைகளை ஒரு கிடைக்கோட்டால் இணையுங்கள், கீழ் முனைகளையும் அப்படியே. இவை பெட்டி தாளோடு சேரும் இடங்கள். மூன்றாவது கோடு பெட்டியின் முன் விளிம்பு. நடுப்பெட்டிக்கு அது நடுக்கோட்டிலேயே விழுகிறது, தனியாகப் போட வேண்டியதில்லை. முன்பெட்டிகளுக்கு அது நடுக்கோட்டுக்குக் கீழே 35 மி.மீ.யில் வரும். 60இலிருந்து 25ஐக் கழித்தால் 35. வேறு அளவில் பெட்டி செய்யும்போதும் இதே கழித்தல்தான்.

ஆறு நிலைக்குத்துக் கோடுகளும் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக இருக்கின்றனவா என்று புத்தக மூலை ஒன்றை வைத்துப் பாருங்கள். கண்மதிப்பை நம்ப வேண்டாம்.

5. வெட்டு முதலில், மடிப்பு பிறகு

முன்பெட்டிகள் இரண்டின் ஊடாகவும் நடுக்கோடு ஓடுகிறது, ஆனால் அந்த இடத்தில் மடிப்பு வரக்கூடாது. அங்கே பெட்டியின் மேற்பரப்பு தட்டையாக இருக்க வேண்டும். தாளை முதலிலேயே பாதியாக மடித்துவிட்டால் அந்த மடிப்பு பெட்டியின் முதுகில் தங்கிவிடும், பெட்டி அங்கே நொடிந்து தொங்கும். புதியவர்களின் பெட்டி தொய்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பசையையும் தாளையும் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அதனால் முதலில் ஆறு நிலைக்குத்துக் கோடுகளை மட்டும் வெட்டுங்கள். வெட்டுமுன் ஒவ்வொரு கோட்டின் இரண்டு முனையிலும் கொம்பாஸ் முனையால் ஒரு சிறு துளை குத்துங்கள். பிளேட்டை அந்தத் துளையில் வைத்துத் தொடங்கினால் வெட்டு முனையைத் தாண்டாது. தாண்டிய வெட்டு அரை மிலிமீற்றராக இருந்தாலும் திறந்து மூடத் திறந்து மூடக் கிழிந்துகொண்டே போகும். முனையிலிருந்து நடுவை நோக்கி வெட்டுங்கள், பிறகு மறுமுனையிலிருந்து நடுவுக்கு. ஒரே இழுப்பில் அழுத்தாமல் இரண்டு மூன்று மெல்லிய இழுப்பில் வெட்டினால் ஓரம் சுத்தமாக வரும்.

வெட்டிய பிறகு அழுத்துக் கோடு. மை தீர்ந்த பேனையை அடிமட்டத்தோடு வைத்து அழுத்தி இழுக்க வேண்டும். தாளில் பள்ளம் விழ வேண்டும், கிழியக்கூடாது. இந்த இடங்களில் மட்டும் அழுத்துங்கள்: பெட்டிகளின் மேல், கீழ் இணைப்புக் கோடுகள், முன்பெட்டிகளின் 35 மி.மீ. கோடு, நடுப்பெட்டிக்குள் வரும் நடுக்கோடு, பெட்டிகளுக்கு வெளியே உள்ள நடுக்கோட்டுத் துண்டுகள். முன்பெட்டிகளுக்குள் போகும் நடுக்கோட்டை அழிறப்பரால் அழித்துவிடுங்கள், கை தவறி அழுத்தாமல் இருக்கும்.

6. பெட்டிகளை எழுப்புதல்

தாளைக் கையில் எடுத்து, மேல் பாதியை மெல்ல உங்கள் பக்கம் சாயுங்கள். அதே நேரத்தில் பின்னாலிருந்து ஒரு விரலால் நடுப்பெட்டியை முன்னே தள்ளுங்கள். நடு மடிப்பு உள்ளே போகும், பெட்டியின் முன் விளிம்பு வெளியே வரும். நடுப்பெட்டி சரியாக வந்த பிறகு முன்பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தள்ளுங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் தள்ளினால் ஒன்று தவறான பக்கம் மடிந்துவிடும்.

எல்லாம் அதனதன் பக்கம் மடிந்ததும் தாளை முழுதாக மூடி, பேனை மூடியின் பக்கத்தால் ஒவ்வொரு மடிப்பையும் தேய்த்துக் கூராக்குங்கள். திறந்து, மூடி, மறுபடி திறந்து பாருங்கள். மடிப்பு பழகினால்தான் அட்டை கையை எதிர்க்காது. 90 பாகையில் திறந்து மேசையில் வைத்தால் பெட்டிகளின் மேற்பரப்பு தரைக்குச் சமமாகவும், முகம் நேராகவும் நிற்க வேண்டும். ஏதாவது ஒன்று சாய்ந்து நின்றால் அதன் இரண்டு வெட்டுகளில் ஒன்று குட்டையாக இருக்கிறது. துளை வரை வெட்டு போயிருக்கிறதா என்று பாருங்கள்.

7. வெறும் தாளில் ஒத்திகை

இந்தப் படியைத் தாண்டுபவர்கள்தான் அதிகம். தாண்டாதீர்கள்.

பழைய கொப்பித் தாளில் மலையையும் தேயிலை நிரையையும் வெறும் வடிவமாக வெட்டுங்கள். நிறம் வேண்டாம், அழகு வேண்டாம். சிறு டேப் துண்டால் பெட்டி முகங்களில் தற்காலிகமாக ஒட்டி அட்டையை மூடுங்கள். எங்கே இடிக்கிறது, எங்கே நீட்டுகிறது, எதை எது மறைக்கிறது என்று எல்லாம் இங்கேயே தெரிந்துவிடும்.

இங்கே தெரியவரும் ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மலை 180 மி.மீ. அகலம். அது நிற்கும் இடத்தை இரண்டு முன்பெட்டிகளும் கடந்துதான் முன்னே வருகின்றன. மலையின் அடி அவற்றில் இடிக்கும். ஆகவே மலையின் அடியிலிருந்து 28 மி.மீ. உயரம் வரை, நடுவில் 90 மி.மீ. அகலத்தை மட்டும் விட்டு இரு பக்கத்தையும் வெட்டி எடுத்துவிட வேண்டும். பெட்டி 25 மி.மீ. உயரம், மேலே 3 மி.மீ. இடைவெளி. அட்டை எந்தக் கோணத்தில் இருந்தாலும் இந்த இடைவெளி மாறாது. வெட்டிய இடம் முன்னால் நிற்கும் தேயிலைக்குப் பின்னே மறைந்துவிடும், வெளியே தெரியாது.

8. இப்போது படம்

ஒத்திகைத் துண்டுகளையே அச்சாக வைத்து, எடுத்து வைத்த பிஸ்கட் பெட்டி மட்டையிலோ இன்னொரு போர்ட் துண்டிலோ வரையுங்கள்.

சிவனொளிபாதமலை 2,243 மீற்றர் உயரம், நாட்டின் மிக உயர்ந்த மலை இதுவல்ல. ஆனாலும் எல்லோருக்கும் அடையாளம் தெரிவது அதன் கூம்பினால்தான். எனவே கூம்பைக் கெடுக்காதீர்கள். இரு சரிவும் ஒரே மாதிரி நேராக இருந்தால் கூடாரம் போலத் தெரியும். ஒரு பக்கச் சரிவில் சிறு தோள் ஒன்று விட்டு, அடியில் தாழ்ந்த மலைத்தொடராக அகலப்படுத்துங்கள். நிறம் இளநீலமோ சாம்பல் கலந்த ஊதாவோ போதும். தூரத்து மலைக்குக் கரும்பச்சை அடித்தால் அது முன்னே வந்து தேயிலையோடு ஒட்டிக்கொள்ளும், ஆழம் போய்விடும்.

தேயிலையைப் பலரும் உருண்டைப் புதர்களாக வரைகிறார்கள். நம் கண்முன்னே இருக்கும் செடி அப்படி இல்லை. கொழுந்து பறிக்க வசதியாகக் கவ்வாத்து வெட்டி மேலே தட்டையாக வைத்திருப்பார்கள். தட்டையான தலைகள், இடையில் ஒடுங்கிய நடைபாதை, சரிவோடு வளைந்து போகும் நிரைகள். 190 மி.மீ. நீளம், 45 மி.மீ. உயரமுள்ள துண்டின் மேல் விளிம்பை இப்படி வெட்டுங்கள். ஓரமாக ஒரு லயத்தின் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) கூரையை வைக்கலாம். நிழல் மரம் வைப்பதானால் தண்டு 5 மி.மீ.க்குக் குறையக்கூடாது. மெல்லியது எதுவும் மூடித் திறக்கையில் முதலில் மடங்கும், பிறகு முறியும்.

தேயிலைக்குப் பதில் தெமோதரையின் ஒன்பது வளைவு ரயில் பாலத்தை வைக்க ஆசைப்படுபவர்கள் உண்டு. நல்ல எண்ணம்தான், ஒன்பது வளைவுக்கும் இடம் இருக்கிறது. ஒவ்வொரு வளைவும் 14 மி.மீ., தூண்கள் பத்தும் 6 மி.மீ. வீதம். மொத்தம் 186 மி.மீ. வளைவுகளின் ஊடாகப் பெட்டி முகம் தெரியும் என்பதால் அதற்கும் முன்பே பச்சை அடித்துவிடுங்கள். எண்ணி வரையுங்கள், எட்டு வளைவோடு பாலம் செய்துகொடுத்தால் பார்ப்பவர் முதலில் அதைத்தான் சொல்வார்.

சூரியன் பின் பக்கத்தில் தட்டையாக ஒட்டும் மஞ்சள் வட்டம், அதற்குப் பெட்டி தேவையில்லை. மலையின் தோளுக்குப் பின்னே பாதி மறைந்திருந்தால் அழகு.

9. ஒட்டும் வரிசை

பின்னாலிருந்து முன்னே வாருங்கள். முதலில் சூரியன், அடுத்து மலை, கடைசியில் தேயிலை. தேயிலையை முதலில் ஒட்டிவிட்டால் மலையை ஒட்ட விரல் போகாது.

வாழ்த்து வரிகளைச் சூரியனை ஒட்டுவதற்கும் முன்பே எழுதிவிடுங்கள். தேயிலைக்கு முன்னே 88 மி.மீ. ஆழத்துக்கு வெற்றிடம் இருக்கிறது, அதுதான் எழுதும் இடம். எல்லாம் ஒட்டிய பிறகு எழுத முயன்றால் கை தேயிலையில் இடிக்கும், எழுத்துப் பிழை வந்தால் முழு அட்டையும் வீண். ஜெல் பேனையால் எழுதினால் நன்றாகக் காயும் வரை மூட வேண்டாம், குளிர் நாளில் அந்த மை எதிர்ப்பக்கத்தில் பதியும்.

பசை பெட்டியின் முகத்துக்கு மட்டும். நடுப்பெட்டியின் முகம் 60க்கு 30 மி.மீ., முன்பெட்டிகளின் முகங்கள் 30க்கு 25. விளிம்பிலிருந்து 2 மி.மீ. உள்ளே தள்ளித் தடவினால் அழுத்தும்போது வழியாது. மேற்பரப்பிலோ தரையிலோ ஒரு பொட்டுப் பசை பட்டாலும் அடுத்த முறை திறக்கும்போது படம் கிழியும். படத்தின் அடி தரையைத் தொடாமல் ஒரு மிலிமீற்றர் மேலே நிற்கட்டும், உரசாது.

தேயிலைத் துண்டு இரண்டு பெட்டிகளைப் பிடிக்கிறது. அட்டையைச் சரியாக 90 பாகையில் வைத்து ஒட்டுங்கள். வளைந்த நிலையில் ஒட்டினால் மூடும்போது ஒரு பெட்டி மற்றதை இழுக்கும்.

10. மேலட்டை

வெட்டிய இடங்களில் உள் தாளுக்குப் பின்னால் ஓட்டை தெரியும். அதை மறைக்கவும் அட்டைக்கு விறைப்புக் கொடுக்கவும் இரண்டாவது ஒற்றை. அதையும் நடுவில் அழுத்தி மடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டையும் விரித்து வைத்து முழுதாகப் பசை தடவி ஒட்டுவது பெரிய தவறு. மூடும்போது வெளித்தாள் உள்தாளைச் சுற்றிப் போக வேண்டும், அதற்குச் சற்று அதிக நீளம் தேவை. விரித்து ஒட்டினால் அந்த நீளம் கிடைக்காமல் உள்தாள் நடுவில் சுருங்கி மடியும்.

கீழ்ப் பாதியை மட்டும் முதலில் ஒட்டுங்கள். காய்ந்ததும் உள் தாளை மூடுங்கள். மூடிய நிலையில் மேல் பாதியின் முதுகில் பசை தடவி, மேலட்டையை அதன்மேல் போர்த்துங்கள். நடு மடிப்பின் இரு பக்கமும் 5 மி.மீ. பசை இல்லாமல் விடுங்கள். பெட்டி ஓட்டைகளைச் சுற்றியும் அப்படியே. பெட்டியின் முதுகில் பசை படவே கூடாது, பட்டால் அது எழும்பாது. ஓரத்தில் தாள்கள் ஒன்றுக்கொன்று சற்று நீட்டிக்கொண்டிருக்கும், அது சரிதான். காய்ந்த பிறகு இரும்பு அடிமட்டம் வைத்து ஒரே கோடாக வெட்டிவிடுங்கள்.

பாரமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வையுங்கள். உள்ளே பசை வழிந்திருந்தால் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, படங்களுக்கு இடையில் ஒரு மெல்லிய பொலித்தீன் தாளைச் செருகுங்கள். மழைக்காலத்தில் ஓர் இரவு போதாமல் போகலாம். கையை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும் இடம் இன்னும் காயவில்லை.

11. முடிந்த பிறகும் சரியாக வரவில்லையா?

மூடிய அட்டை தானே வாய் பிளந்தால், பெரும்பாலும் மடிப்புகளைப் போதிய அளவு தேய்க்கவில்லை. மறுபடி ஒவ்வொன்றாகத் தேய்த்து ஓர் இரவு பாரம் வையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் முன் துண்டு மிகத் தடிப்பான மட்டை, அதை மெல்லிய போர்ட்டில் மாற்றுங்கள்.

உச்சி மட்டும் வெளியே தெரிந்தால், நீட்டும் பகுதியை அட்டை மூடிய நிலையிலேயே கத்தரிக்கோலால் வெட்டிவிடலாம். மலையென்றால் உச்சி போய்விடும், அதற்குப் பதில் மலையை எடுத்துப் புதிதாக ஒன்று வெட்டுவதே நல்லது.

திறக்கும்போது ‘கிரீச்’ என்று உரசினால், மலையின் அடி முன்பெட்டியைத் தொடுகிறது. கத்தரிக்கோல் நுனியால் இன்னும் ஒரு மிலிமீற்றர் எடுங்கள். மலை முன்னே தலைசாய்த்தால் பின்னால் மெல்லிய பட்டி ஒன்றை நிலைக்குத்தாக ஒட்டி விறைப்பாக்குங்கள்.

12. தட்டையாக விரியும் அட்டைக்கு வேறு மடிப்பு

மேலே சொன்ன பெட்டி 90 பாகையில்தான் நிற்கும், முழுதாக விரித்தால் படுத்துவிடும். மேசையில் விரித்து வைத்துப் பார்க்கும் அட்டைக்கு வி (V) வடிவ மடிப்பு வேண்டும். பொங்கல் பானை ஒன்றை இப்படி நிறுத்தலாம்.

பானைத் துண்டு 100 மி.மீ. அகலம், 80 மி.மீ. உயரம். நடுவில் நெடுக ஒரு மடிப்பு. அடியில் இரு பாதிக்கும் 10 மி.மீ. ஒட்டும் நாக்குகள், பின்பக்கமாக மடித்தவை. நாக்குகளின் உள்முனையை 45 பாகையில் சாய்த்து வெட்டுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் அட்டையின் நடு மடிப்பில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்.

அட்டையை விரித்து, நடு மடிப்பு உங்களிடமிருந்து விலகி ஓடும்படி வையுங்கள். உங்கள் பக்க ஓரத்திலிருந்து 65 மி.மீ. தள்ளி நடு மடிப்பில் ஒரு புள்ளி. அங்கிருந்து அப்பால் நோக்கி, இரு பக்கமும் 45 பாகையில் மெல்லிய கோடு. மூடும்போது பானை உங்கள் பக்கமாகத்தான் சாயும், 65 மி.மீ. விடுவது அதற்காக.

ஒரு நாக்கை மட்டும் கோட்டில் ஒட்டுங்கள். பிறகு பானையைப் பக்கவாட்டில் தட்டையாகப் படுக்க வைத்து, மற்றப் பாதியை அதன்மேல் மடியுங்கள். மேலே வரும் இரண்டாவது நாக்கில் பசை தடவி அட்டையை மூடி அழுத்துங்கள். நாக்கு தன் இடத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். இரண்டாவது நாக்கைக் கண்ணால் பார்த்து ஒட்டப் போனால் இரு கோணமும் பெரும்பாலும் சமப்படாது, பானை கோணிக்கொண்டு நிற்கும். பெட்டியைவிட இந்த மடிப்பு எளிது என்று தோன்றலாம், ஆனால் கோணத்தில் பிழை விட்டால் திருத்த வழியில்லை. பெட்டி அட்டை ஒன்றாவது செய்து கைபழகிய பிறகு இதற்கு வாருங்கள்.

13. உறையும் தபாலும்

மூடிய அட்டை 210க்கு 148.5 மி.மீ. சி5 உறை 229க்கு 162 மி.மீ., அதற்குள் தாராளமாகப் போகும். கிடைக்காவிட்டால் பிரவுன் தாளில் நீங்களே செய்யுங்கள், ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 5 மி.மீ. கூடுதலாக விடுங்கள். இறுக்கமான உறையிலிருந்து உருவி எடுக்கும்போதுதான் முன் துண்டு கழன்று வரும்.

மணி, பொத்தான், பருத்த பூ எதையும் உள்ளே ஒட்ட வேண்டாம். தபாலில் அழுத்தும்போது அது மலையில் அச்சாகப் பதியும். சாதாரணக் கடிதத்தைவிடப் பாரம் கூடும் என்பதால் முத்திரையை வீட்டிலேயே ஒட்டிவிடாமல், தபால் கந்தோரில் நிறுத்துப் பார்த்து ஒட்டுங்கள்.

தோட்டங்களில் பல லயங்களுக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறித்தான் வீட்டுக்குப் போகிறது. சில நாட்கள் ஓர் ஈர அறையிலும் கிடக்கலாம். அதனால் அட்டையைச் சுத்தமான பொலித்தீனில் சுற்றி டேப் போட்டு, அதற்குப் பிறகு உறைக்குள் வையுங்கள். முகவரியில் பெயரோடு தோட்டம், டிவிஷன், லய எண் மூன்றையும் எழுதுங்கள். ஒரே பெயரில் பலர் இருக்கும் தோட்டம் என்றால் தந்தையின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பொங்கலுக்கு அனுப்புவதானால் இரண்டு வாரம் முந்தியே போட்டுவிடுங்கள்.